பழைய தியேட்டரைப் புதுப்பிக்கிறீர்களா? சிமெண்ட் மூட்டையைத் தள்ளி வையுங்கள்

பழைய தியேட்டரைச் சரிபண்ணுகிறோம் என்று தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் யாராவது கூப்பிட்டால் போய்ப் பார்ப்பேன். நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் பண்ணிய அதே கூத்துகளைத்தான் இன்றைய பிள்ளைகளும் பண்ணுகிறார்கள். போட்டோ எடுக்காமல் இடிப்பது, பில் வாங்காமல் விடுவது எல்லாம் ஒரு அடி பட்டால் தானே புரிந்துவிடும். அவற்றை விடுகிறேன்.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூச்சு

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர் அஸ்திவாரத்து ஈரத்தை உறிஞ்சும். காரைப் பூச்சு வழியாக வெளியேயும் விட்டுவிடும். சிமெண்ட் பூசினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. உள்ளுக்குள்ளேயே மேலே ஏறும். கூடவே வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து செங்கல்லைப் பொரியவைக்கும்.

தருமபுரியில் ஒரு தியேட்டர். கழிப்பறையை ஒட்டிய சுவரில் இடுப்பளவுக்குக் காரை உதிர்ந்திருந்தது. காண்டிராக்டர் சிமெண்ட் பூசி, மேலே எமல்ஷனும் அடித்துவிட்டார். திறப்பு விழாவுக்குப் பளபளவென்றுதான் இருந்தது. சில மழைக்காலம் கழித்துத் தட்டினால் டொப்பு டொப்பென்று சத்தம். உளியைச் செருகினேன். பூச்சு பலகை பலகையாகக் கழன்றது, பின்னால் செங்கல்லின் தோலும் ஒட்டிக்கொண்டு வந்தது. மிச்சச் செங்கல் விரலால் சுரண்டினாலே மாவாகக் கொட்டியது. ஈரம் தலைக்கு மேல் ஏறியிருந்தது. குழாய்க் கசிவை மட்டும் யாரும் தொடவே இல்லை!

முதலில் தண்ணீர் வரும் வழியை அடைத்துவிடுங்கள். சிமெண்டைக் கை உளியால் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். அப்புறம் தண்ணீர் விட்டு நீற்றி, ஊறவைத்து, சலித்த சுண்ணாம்பில் மணலும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, மெல்லிசாகப் பூச்சு மேல் பூச்சு. பூச்சு சட்டென்று காய்ந்துவிடாமல் இருக்க நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு இறுகும், அவசரப்படுத்த முடியாது. "ஒரு சட்டி சிமெண்ட் கலந்துக்கலாம் சார், சீக்கிரம் புடிச்சுக்கும்" என்பார் மேஸ்திரி. கூடாது.

ஆபரேட்டர் ரூமை இடிப்பது

படம் ஓட்டும் புரொஜெக்டர் இருக்கும் அறை இது. தடித்த சுவர், பொடி ஜன்னல், இரும்பு ஷட்டர். இடத்தை அடைக்கிறது என்று இடித்துவிடுகிறார்கள். 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் பிலிம் (அந்தக் காலப் படச்சுருள்) தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். அந்தப் பயத்தில் பிறந்த அமைப்பு இது. ஷட்டர் விழுந்தால் தீ ஹாலுக்குள் வராது. இந்த அறையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கல்யாண மண்டபம்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை

உடைக்காதீர்கள். நனைத்து, முழு ஷீட்டாகக் கழற்றுங்கள்.

பழைய லைசென்ஸ் காகிதம்

கிருஷ்ணகிரிக் கட்டடமா? 2004க்கு முன் அது தருமபுரி மாவட்டம். 1965க்கு முன் சேலம். லைசென்ஸ் கொடுப்பவர் கலெக்டர் என்பதால், மூன்று ஊர் ஆபீசிலும் கேட்க வேண்டியிருக்கும்.