பில்லி தி கிட் படங்கள்ல எது நிஜம், எது கட்டுக்கதைன்னு பிரிச்சு பாக்குறது எப்படி

பில்லி தி கிட்ங்கிறது 1800கள்ல அமெரிக்காவோட மேற்குப் பக்கம் சுத்துன, துப்பாக்கிச் சண்டைக்கு பேர் போன ஒரு குற்றவாளி. படத்த போடுறதுக்கு முன்னாடி அவனோட அந்த பழைய போட்டோவ தேடி எடுத்து வச்சுக்கோங்க. வின்செஸ்டர் துப்பாக்கிய தரையில ஊன்டி பிடிச்சிருப்பான், இடுப்புல ரிவால்வர், நசுங்குன தொப்பி. அது தகரத் தகடுல எடுத்த போட்டோ, கண்ணாடியில தெரியுற மாதிரி இடம் வலம் மாறித்தான் விழும், இத கவனிக்காம ரிவால்வர் இடது பக்கம் தெரியுதேன்னு ஆளே இடது கைக்காரன்னு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தாங்க, 1958ல பால் நியூமேன் நடிச்ச 'தி லெஃப்ட் ஹேண்டட் கன்' படத்தோட பேரே அதுல இருந்து வந்ததுதான். நீங்களே செக் பண்ணலாம். அந்த 1873 மாடல் வின்செஸ்டர்ல தோட்டா போடுற துவாரம் வலது பக்கம்தான் இருக்கும், போட்டோவுல இடது பக்கம் தெரிஞ்சா அது திருப்பாத பிரதி.

அடுத்தது வயசு. பில்லி 1881ல சாகும்போது 21 வயசு இருக்கும், 1973ல வந்த 'பேட் கேரெட் அண்ட் பில்லி தி கிட்' படத்துல அவனா நடிச்ச கிறிஸ் கிறிஸ்டோஃபர்சனுக்கு 36. பில்லிக்கு வேலை குடுத்த டன்ஸ்டால 'யங் கன்ஸ்'ல அப்பா ஸ்தானத்துல காட்டுவாங்க, 1878ல நிஜமா அவர சுட்டுக் கொன்னப்போ அவருக்கே 24தான்!

இதெல்லாம் விட முக்கியம், ஒரு விஷயத்த மொதல்ல சொன்னது யாருன்னு பாக்குறது. பில்லிய சுட்ட ஷெரிஃப் பேட் கேரெட்டே ஆஷ் அப்சன்னு ஒரு பத்திரிகைக்காரர வச்சு 1882ல புக் போட்டாரு, இருட்டுல ஒளிஞ்சிருந்து சுட்டாருன்னு ஊர் பேசிட்டு இருந்த நேரம் அது, அப்போ செத்தவன் எவ்ளோ பெரிய ஆளோ அவ்ளோ நல்லது அவருக்கு. வயசுக்கு ஒண்ணா 21 கொலைங்கிறதும் கட்டுக்கதைதான், தனியா சுட்டது நாலு பேர், கூட்டத்தோட சுட்டதையும் சேத்தா ஒம்போது பக்கம் வரும்.

அதுக்காக சினிமாத்தனமா இருக்குறதெல்லாம் பொய்னு ஒதுக்கிடாதீங்க. 1881 ஏப்ரல் 28 அன்னைக்கு நியூ மெக்சிகோவுல லிங்கன்ங்கிற ஊரோட கோர்ட் கட்டடத்துல விலங்கோட இருந்த பில்லி, பெல்ங்கிற காவலர சுட்டுட்டு, எதிர்ப்பக்கத்துல இருந்து ஓடி வந்த இன்னொரு காவலர் ஆலிங்கர அவரோட ஷாட்கன்னாலயே மாடி ஜன்னல்ல இருந்து சுட்டது அப்படியே நடந்தது. ஆனா மொத துப்பாக்கி எப்படி கைக்கு வந்துச்சு? பெல் கிட்ட பிடுங்கினான்னு ஒரு கதை, கக்கூஸ்ல யாரோ ஒளிச்சு வச்சாங்கன்னு இன்னொரு கதை. இந்த மாதிரி இடத்துலதான் டைரக்டர் புகுந்து தனக்கு பிடிச்சத எடுத்துப்பாரு, அங்க கொஞ்சம் நிறுத்தி கவனிங்க.

கடைசி சீன்ல நேருக்கு நேர் சண்டை வந்தா அது சினிமா. ஃபோர்ட் சம்னர்ல ஜூலை 14 ராத்திரி பீட் மேக்ஸ்வெல் படுத்திருந்த இருட்டு ரூமுக்குள்ள பில்லி வந்து "கியென் எஸ்?"னு கேட்டிருக்கான், ஸ்பானிஷ்ல யாரதுன்னு. கேரெட் ரெண்டு தடவ சுட்டாரு. வெளிய நின்ன டெபுட்டி ஜான் போவும் பின்னாடி தனியா எழுதி வச்சிருக்காரு, ரெண்டு பேர் சொல்றதையும் படிச்சுட்டு அந்த சீன மறுபடி போட்டு பாருங்க.