பொங்கல் வாக்கில் கிளம்பிவிடும் நண்பர்கள்

புதுச்சேரி, கடலூர்ப் பக்கமிருந்து பிரான்சுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு விசா, வங்கிக் கணக்கு, அறை வாடகை எல்லாவற்றையும் யாராவது சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். செப்டம்பரில் ஒட்டிக்கொண்ட நண்பர்களில் பலர் பொங்கல் வாக்கில் மூட்டை கட்டிவிடுவார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

முதல் வாரத்தில் வலிய வந்து பேசுகிறவர்கள் உங்களைப் போலவே ஆள் தெரியாமல் முழிப்பவர்கள்தான். ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனியிலிருந்து எராஸ்முஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு செமஸ்டருக்கு வந்திருப்பார்கள். 1987-லிருந்து நடக்கிற ஏற்பாடு இது. பிரெஞ்சுக்காரப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஒரு செட்டு இருக்கும். அவர்கள் நிதானமாகத்தான் நெருங்குவார்கள், ஆனால் கூடவே இருப்பார்கள். இரண்டு பக்கமும் பழகுங்கள். "எப்போ கிளம்புற?" என்று அக்டோபரிலேயே கேட்டு வையுங்கள். நம்ம ஊரில் விருந்தாளியிடம் அப்படிக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். இங்கே சாதாரணம்.

வழியனுப்புவதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். அன்றைக்கு 'எத்தா தே லியூ' இருக்கும். அறையைக் காலி செய்யும்போது சுவரில் ஆணி ஓட்டை, அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்க் கறை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுவார்கள். முன்பணம் முழுசாகத் திரும்புமா என்பது அதில்தான் இருக்கிறது. தோழி ஒரு கையில் ஸ்பாஞ்சோடு, மூடாத பெட்டிமேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருப்பாள். அப்போது என்ன பேச முடியும்? பரீட்சை தொடங்கும் முன்பே ஒரு சாயங்காலம் கூப்பிட்டுச் சோறு போடுங்கள். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் தாராளம், காரம் பாதி. இரவு பத்துக்கு மேல் குரலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது கன்னத்தோடு கன்னம் வைப்பார்கள். கூச்சமாக இருந்தால் முதலிலேயே கையை நீட்டிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பரிசுக்கு ஊரிலிருந்தே திட்டமிட்டு வாருங்கள். திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை எடையே இருக்காது. வறுத்துப் பாக்கெட் போட்ட பண்ருட்டி முந்திரியும் நல்லது. பால்கோவா வேண்டாம், வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர அனுமதியில்லை.

போகிறவர்கள் வராண்டாவில் ஒரு அட்டைப்பெட்டி வைப்பார்கள்: பாதி ஆலிவ் எண்ணெய், ஹேங்கர்கள், ஒரு வாணலி, சில சமயம் நல்ல கம்பளி. தயங்காமல் எடுங்கள், ஜனவரிக் குளிரில் கௌரவம் பார்க்க வேண்டாம். ஆனால் அறைச் சாவியை மட்டும் கைமாற்றாக வாங்கி உள்ளே போய்விடாதீர்கள். ஒப்பந்தம் உங்கள் பெயரில் இல்லாவிட்டால் 'காஃப்' அலுவலகம் தரும் வீட்டு வாடகை உதவித்தொகை கிடைக்காது. வீட்டுக்காரர் அனுமதியில்லாத உள்வாடகை சட்டப்படியும் தப்பு.

ஊருக்குப் போனதும் அவர்களுடைய பிரெஞ்சு நம்பர் பெரும்பாலும் செத்துவிடும். சொந்த ஊர் நம்பரும் மின்னஞ்சலும் வாங்கிக்கொள்ளுங்கள். நீண்டகால மாணவர் விசாவை, வந்த மூன்று மாதத்துக்குள் ஆன்லைனில் பதிந்து வைத்திருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் வரை சுற்றலாம். பார்சிலோனாக்காரரை விடுமுறையில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மெசேஜில் மாதக்கணக்காக "மிஸ் யூ" அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

நம்ம வீட்டுக்கும் கூப்பிடுவீர்கள், கூப்பிடாமல் இருக்க மாட்டோமே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் வேண்டாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில்தான் கரையேறியது. மாசி மகத்துக்கு வந்தால் வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி பார்க்கலாம், பிச்சாவரத்தில் படகும் போகலாம். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: முதல் நாளே மீன் குழம்பு வேண்டாம், இட்லியில் ஆரம்பிக்கலாம்.