ஹை-ரெஸ் பதிவு வாங்கியாச்சா? முதலில் இதைப் பாருங்கள்

ஹை-ரெஸ், அதாவது சிடியைவிட நுணுக்கமாகப் பதிவானது என்று சொல்லி, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும் சிம்பொனி பதிவைக் காசு கொடுத்து இறக்கிவிட்டு, அதை ப்ளூடூத் ஹெட்ஃபோனில் கேட்பவர்கள் நிறைய. நானும் அப்படித்தான் இருந்தேன். ப்ளூடூத்தில் ஒலி பெரும்பாலும் சுருக்கப்பட்டே போகிறது. கொடுத்த காசு பாதி வழியிலேயே கரைந்துவிடும். வயர் ஹெட்ஃபோன் மாட்டுங்கள். ஃபோனில் அதற்கான துளை இல்லையென்றால் சின்ன யூஎஸ்பி டாக் (DAC, டிஜிட்டல் கோப்பை ஹெட்ஃபோனுக்கான ஒலி அலையாக மாற்றும் கருவி) ஒன்று போதும்.

அப்புறம், ப்ளேயர் செட்டிங்கில் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியையும் ஈக்வலைசரையும் (பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். சிம்பொனியின் பாகங்களுக்கு நடுவே இடைவெளி விழாமல் ஓடும் 'கேப்லெஸ்' வசதி இருக்கட்டும். ஒரு பாகம் நிற்காமல் அடுத்ததில் நுழையும் இடத்தில் அரை நொடி மௌனம் வந்தால் எரிச்சலாக இருக்கும்.

வால்யூமை மெல்லிய பகுதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேலின் 'பொலேரோ' கேட்டும் கேட்காத ஸ்நேர் டிரம்மில் தொடங்கி, முழு ஆர்கெஸ்ட்ராவும் முழங்குவதில் போய் முடிகிறது. தொடக்கத்துக்காகக் கூட்டி வைத்தால் கடைசியில் காது பாவம். உச்சக் கட்டத்தை முதலில் ஓட்டிப் பார்த்து அளவை வையுங்கள்.

உண்மையைச் சொன்னால், 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் சிடியே நம் காது எட்டும் 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிவிடுகிறது. சந்தேகமிருந்தால் ஹை-ரெஸ் கோப்பைச் சிடி தரத்துக்கு மாற்றி, இரண்டையும் ஒரே வால்யூமில், எது எதுவென்று பார்க்காமல் கேளுங்கள். வால்யூம் துளி கூடினாலும் அதுதான் நல்லதாகத் தோன்றும், ஜாக்கிரதை.