சிறுகோளை இடித்துத் தள்ளுவது எப்படி? டென்னிஸ் பந்தும் மரக்கட்டையும் கொண்டு ஒரு செய்முறை

2022 செப்டம்பர் 27, இந்திய நேரப்படி அதிகாலை 4.44 மணிக்கு நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் போய் மோதியது. திட்டமிட்டே செய்த மோதல். டைமார்ஃபஸின் அகலம் சுமார் 150 மீட்டர். டிடிமாஸ் என்ற பெரிய சிறுகோளை அது சுற்றிவருகிறது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 1.2 கி.மீ.; சேலத்துக்கு மேலே ஏற்காடு நிற்கும் உயரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மோதலுக்கு முன் ஒரு சுற்றுக்கு 11 மணி 55 நிமிடம் பிடித்தது. மோதிய பிறகு அதில் 33 நிமிடம் குறைந்துவிட்டது.

அந்த 33 நிமிடத்தில் கலம் இடித்ததால் மட்டும் குறைந்தது சுமார் 10 நிமிடம். மீதி, இடித்த இடத்திலிருந்து கல்லும் தூளும் பின்பக்கமாகத் தெறித்ததன் வேலை. இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்.

தேவையானவை: அரை கிலோ மரக்கட்டை ஒன்று (15 × 10 × 5 செ.மீ. அளவில் கிடைத்தால் நல்லது), டென்னிஸ் பந்து ஒன்று (சுமார் 58 கிராம்), இழுபடாத முறுக்கு நூல், இரண்டு மூங்கில் கழிகள், அளவுகோல், வெல்க்ரோ. தையல் சாமான் கடையில் வெல்க்ரோ ஜோடியாகத்தான் தருவார்கள். நமக்குச் சொரசொரப்பான பக்கம் மட்டும் போதும்.

படி 1. இரண்டு பீரோக்களின் மேல் கழிகளை ஓரடி இடைவெளி விட்டு இணையாக வையுங்கள். கட்டையை நான்கு மூலையிலும் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். பந்துக்குள் கோணி ஊசியால் நூலைக் கோத்து, இரண்டு கழியிலும் கட்டி, ஆங்கில ‘V’ எழுத்தைப் போலத் தொங்கவிடுங்கள். இரண்டும் கழியிலிருந்து ஒரு மீட்டர் கீழே, ஒன்றையொன்று லேசாகத் தொட்டபடி நிற்க வேண்டும்.

படி 2. கட்டையின் முகத்தில் வெல்க்ரோவை ஒட்டுங்கள். பந்தை 30 செ.மீ. பின்னுக்கு இழுத்து, தள்ளாமல் கையை எடுங்கள். பந்தின் கம்பளி வெல்க்ரோவில் சிக்கி ஒட்டிக்கொள்ளும். கட்டை எவ்வளவு தூரம் போகிறது என்று கீழே வைத்த அளவுகோலில் பாருங்கள். கைபேசியில் படம் எடுத்தால் எளிது. கணக்குப்படி 30 × 58 ÷ 558, அதாவது சுமார் 3 செ.மீ. வரும்.

படி 3. கட்டையைத் திருப்பி, வெறும் மர முகத்தில் அதே 30 செ.மீ.யிலிருந்து மோத விடுங்கள். பந்து துள்ளித் திரும்பும். கட்டை இப்போது 5 செ.மீ.யை ஒட்டிப் போகும்.

பந்தும் வேகமும் அதேதான். பின்னோக்கிப் போன பந்தின் உந்தத்துக்கு (எடை × வேகம்) ஈடாகக் கட்டை கூடுதலாக முன்னே தள்ளப்பட்டது. டைமார்ஃபஸில் கலம் துள்ளவில்லை; அதற்குப் பதிலாகச் சிதறல் துள்ளியது.

அளவு சரியாக வராவிட்டால் முதலில் மின்விசிறியைப் பாருங்கள். மலைமேல் இருப்பவர்கள் ஜன்னலையும் சாத்திவிடுங்கள். பந்து நடுவில் படாவிட்டால் கட்டை முறுக்கிக்கொள்ளும், தள்ளல் குறையும். டார்ட் நடுப்புள்ளியிலிருந்து சுமார் 25 மீட்டருக்குள் மோதியது; 1.1 கோடி கி.மீ. தொலைவில் அது பெரிய சாதனை. வெல்க்ரோவில் பந்து அரைகுறையாக ஒட்டி விழுந்தால் அந்த அளவை விட்டுவிடுங்கள்.

படி 4. இனி நிஜக் கணக்கு. கலம் 580 கிலோ, வேகம் நொடிக்கு 6.14 கி.மீ. டைமார்ஃபஸ் சுமார் 430 கோடி கிலோ. கலத்தின் எடையையும் வேகத்தையும் பெருக்கி டைமார்ஃபஸின் எடையால் வகுத்தால், வேக மாற்றம் நொடிக்கு 0.83 மில்லிமீட்டர். உண்மையில் அளந்த மாற்றம் 2.7 மில்லிமீட்டர். டைமார்ஃபஸ் நொடிக்குச் சுமார் 174 மில்லிமீட்டர் வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆகவே மாற்றம் 1.55 சதவீதம். சுற்று நேரம் அதைப்போல் மூன்று மடங்கு சதவீதம் மாறும்: 4.65. 715 நிமிடத்தில் அது 33 நிமிடம். 0.83ஐ வைத்துப் போட்டுப் பாருங்கள், 10 நிமிடம் வரும்.

டார்ட் எதிரே வந்து இடித்து டைமார்ஃபஸின் வேகத்தைக் குறைத்தது. வேகம் குறைந்தால் சுற்று எப்படிச் சீக்கிரம் முடியும்? புதிதாகப் படிப்பவர்கள் எல்லோரும் தடுக்குவது இங்கேதான். வேகம் குறைந்ததும் டிடிமாஸின் ஈர்ப்பு அதை உள்ளே இழுக்கிறது. பாதை சிறியதாகிறது. சிறிய பாதையில் தூரமும் குறைவு, ஈர்ப்பு அதிகமாதலால் சராசரி வேகமும் கூடுதல்.

பூமியை நோக்கி வரும் சிறுகோள் என்றால், சூரியனைச் சுற்றும் அதன் வேகத்தை மாற்ற வேண்டும். அதற்கும் மூன்று மடங்கு விதியே உதவும். நொடிக்கு 1 செ.மீ. மாற்றத்தைப் பத்து வருடம் முன்பே செய்தால் அது சுமார் 9,500 கி.மீ. விலகியிருக்கும், பூமியின் ஆரம் 6,371 கி.மீ.தான். ஒரு வருடம் முன்பு செய்தால் விலகல் ஆயிரத்தைக்கூடத் தொடாது. வானத்தைத் துழாவிச் சிறுகோள்களை முன்கூட்டியே கண்டுபிடிப்பது அதனால்தான் இவ்வளவு முக்கியம்.

படி 5. சுற்று நேரத்தை அளப்பது. தொலைநோக்கியில் இரண்டும் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். ஒன்று மற்றதை மறைக்கும்போது ஒளி குறையும். அந்தக் குறைவுகளின் இடைவெளியிலிருந்து சுற்று நேரம் கிடைக்கும். டிடிமாஸ் சிறிய தொலைநோக்கிக்கு எட்டாத மங்கல். ஆனால் இதே முறையை அல்கோல் விண்மீனில் வெறுங்கண்ணாலேயே பழகலாம். பெர்சியூஸ் கூட்டத்தில் உள்ள அது 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கும். டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத இரவில், ஏற்காட்டில் விளக்கு வெளிச்சம் படாத இடத்திலிருந்து, பக்கத்திலுள்ள மிர்ஃபாக் விண்மீனோடு ஒப்பிட்டு அரை மணிக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். மங்கி முடிய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மங்கும் நேரத்தை முன்பே கணக்கிட்டு வைத்துக்கொண்டு கிளம்புங்கள்; பல இரவுகளில் அது பகலிலேயே மங்கி முடிந்திருக்கும்.