ஓட்டினால் ஃபுல்லாகிவிடாது: கேம்பர் வேன் பேட்டரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் கேம்பர் வேனை (உள்ளேயே தங்கிச் சமைக்கிற வண்டி) கொண்டுவந்து நிறுத்தினார். பின்னால் ஃப்ரிட்ஜ், லைட்டுக்கென்று இரண்டு 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் வகை லெட் ஆசிட் பேட்டரிகள், வாங்கி பதினோரு மாதம்தான். ராத்திரி இரண்டு மணிக்கே ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறதாம். “நேத்து பூரா ஓட்டிட்டுத்தானுங்கண்ணா வந்தேன், ஃபுல்லாத்தான் இருக்கணும்” என்றார். மூடியைத் திறந்து கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் அடர்த்தி, பார்த்தேன். ஃபுல்லாக இருந்தால் 1240 காட்ட வேண்டிய செல்கள் 1160, 1170 என்று நின்றன. ஆறு வருடத்துக்கு முன் என் வண்டியில் நான் பார்த்த அதே எண்கள்.

பிளஸ் மைனஸ் மாறாமல் கொடுப்பது, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது இதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். நான் சொல்ல வந்தது வேறு.

ஓட்டினால் சார்ஜ் ஏறிவிடும் என்ற நம்பிக்கை

அப்போது பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு அடிக்கடி போவேன். 40 கொண்டை ஊசி வளைவு, இரண்டரை மணி நேரம். அவ்வளவு நேரம் இன்ஜின் ஓடினால் பேட்டரி நிறையாமல் எங்கே போகும் என்று நினைத்தேன். மேலே போய் நிறுத்தியதும் மீட்டர் 12.9 வோல்ட் காட்டும். நிம்மதியாகிவிடுவேன்.

கணக்கைப் பாருங்கள். ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 100 ஏஎச் தின்றன. டைனமோவிலிருந்து ரிலே (தானாக இணைக்கும் ஸ்விட்ச்) வழியாக, நீளமான ஒல்லி ஒயரில், பின்னால் வந்து சேர்ந்தது சுமார் 20 ஆம்பியர். இரண்டரை மணி நேரத்துக்கு 50 ஏஎச். மீதி 50 கடன். மறுநாள் அதன் மேல் இன்னொரு கடன்.

ஒயரைத் தடிமனாக்கினாலும் பாதிதான் தீரும். லெட் ஆசிட் பேட்டரி 80 சதவீதம் வரை மளமளவென்று வாங்கும். கடைசி 20 சதவீதத்துக்கு 14.4 வோல்ட்டில் பிடித்துவைத்து நாலைந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். இட்லி மாதிரிதான், அடுப்பைக் கூட்டினால் தண்ணீர்தான் வற்றும். அந்தக் கடைசி 20 கிடைக்காமலே நாள்கள் போனால் பிளேட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். அப்புறம் எந்தச் சார்ஜர் போட்டாலும் முழுசாகக் கரையாது.

அந்த 12.9, இன்ஜின் நின்ற கையோடு தெரியும் மேலோட்டமான வோல்டேஜ். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நாலு மணி நேரம் கழித்துப் பார்த்திருந்தால் 12.2 காட்டியிருக்கும். அதாவது பாதி. பார்க்கவில்லை. நாலைந்து வருடம் உழைக்க வேண்டிய இரண்டு பேட்டரிகளைப் பதினாலு மாதத்தில் காயலான் கடை விலைக்குப் போட்டேன். அதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஒருவர் கூட அன்று எனக்குச் சொல்லவில்லை.

ஃபுல் என்பதற்கு நம்பகமான அடையாளம்: சார்ஜர் 14.4-இல் நிற்கும்போது உள்ளே போகிற கரண்ட், 300 ஏஎச் பேங்கில் (இரண்டு 150 சேர்ந்தது), 6 ஆம்பியருக்குக் கீழே இறங்க வேண்டும். இதைக் காட்ட மைனஸ் பக்கம் ஷன்ட் (போய்வருகிற கரண்டை அளக்க உதவும் துண்டு) வைத்த மீட்டர் போடுங்கள். வாரம் ஒருமுறை வீட்டுக் கரண்டில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடுங்கள். கூரையில் சோலார் இருந்தால் காலையில் ஓட்டிவிட்டு மதியம் வெயிலில் நிறுத்துங்கள். கடைசி 20-ஐ நிதானமாக ஏற்ற சோலார்தான் தோது.

லித்தியம் போட்டால் தீருமா?

பாதிச் சார்ஜில் கிடப்பதால் லித்தியம் கெடாது, சரி. ஆனால் டைனமோ கொடுப்பதை எல்லாம் அது இழுக்கும். இன்ஜின் ஐட்லிங்கில் நிற்கும்போது டைனமோவுக்குக் காற்றோட்டமும் குறைவு, சூடேறி உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று கருகிவிடும். நடுவில் கரண்டை அளவாக விடும் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். வோல்டேஜை வைத்து அளவு சொல்வதையும் மறந்துவிடுங்கள்: 80 சதவீதமோ 40 சதவீதமோ, 13.1-க்கும் 13.3-க்கும் நடுவில்தான் நிற்கும்.

ஃபியூஸ்

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்.

இரண்டு பேட்டரியை இணைக்கும்போது

பிளஸ்ஸை முதல் பேட்டரியிலிருந்தும் மைனஸை அடுத்ததிலிருந்தும் எடுங்கள். இரண்டையும் ஒன்றிலிருந்தே எடுத்தால் அதுதான் முதலில் போகும்.

பழசோடு புதுசு

வேண்டாம். அந்தத் தம்பியின் பேட்டரிகளை மூன்று நாள் மெதுவாக ஏற்றிப் பார்த்தோம். ஒன்று 1230 வரை வந்தது. மற்றதில் மூன்று செல்கள் 1180-ஐத் தாண்டவே இல்லை. தேறியதோடு புதுசு ஒன்றைச் சேர்க்கலாமா என்று கேட்டார். பழசு புதுசையும் தன் நிலைக்கு இழுத்துவிடும் என்றேன். வேனுக்கு ஜோடியாகப் புதுசு வாங்கினார். தேறிய அந்த ஒன்று அவர் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது.