உலர் பழம் சேர்த்த சாக்லேட் ட்ரஃபிள்: முதல்முறை செய்பவர்களுக்கு

ட்ரஃபிள் செய்ய ஓவன் வேண்டாம், அச்சு வேண்டாம், அடுப்பு வேலையும் ஐந்து நிமிடம்தான். சூடான கிரீமில் சாக்லேட்டைக் கரைத்தால் வருவது கனாஷ். அது இறுகியதும் உருட்டிக் கோகோ பவுடரில் புரட்ட வேண்டும், அவ்வளவுதான். மண்ணுக்கடியில் விளையும் ட்ரஃபிள் என்ற பூஞ்சையைப் போல மேடுபள்ளமாக இருப்பதால் இந்தப் பெயர். எனவே உருண்டை கச்சிதமாக வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். உலர் பழம் சேர்க்கும்போது கவனிக்க வேண்டியது வேறு: ஈரம்.

தேவையானவை (25 முதல் 30 உருண்டைகளுக்கு)

டார்க் சாக்லேட் – 200 கிராம்
ஃப்ரெஷ் கிரீம் – 100 மில்லி
உப்பு சேர்க்காத வெண்ணெய் – 1 மேசைக்கரண்டி
உலர் பழங்கள் – 100 கிராம்
ஆரஞ்சுச் சாறு – அரை கப்
உப்பு – ஒரு சிட்டிகை
இனிப்பில்லாத கோகோ பவுடர் – புரட்டுவதற்கு

சாக்லேட் வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கோகோ வெண்ணெய் என்று இருக்க வேண்டும். அதற்குப் பதிலாகத் தாவர எண்ணெயோ தாவரக் கொழுப்போ இருந்தால் அது காம்பவுண்ட் சாக்லேட். கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸில், அதாவது நம் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும். ட்ரஃபிள் வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். மில்க் சாக்லேட்டில் செய்வதானால் கிரீமை 70 மில்லியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இறுகாது.

முதலில் பழம்

எனக்குப் பிடித்த சேர்க்கை ஆப்ரிகாட்டும் அத்தியும். ஆப்ரிகாட்டின் புளிப்பு டார்க் சாக்லேட்டின் கசப்போடு அழகாகப் பொருந்தும், அத்தியின் விதைகள் பல்லில் நறநறக்கும். கிரான்பெர்ரியும் நன்றாக இருக்கும். பேரீச்சம்பழம் மட்டும் போட்டால் எனக்கு இனிப்பு தூக்கலாகத் தெரியும். அதனால் புளிப்பான பழம் ஒன்றை அதோடு கலந்துவிடுவேன்.

பழங்களை மிளகளவுக்குப் பொடியாக நறுக்குங்கள். பெரிய துண்டுகள் இருந்தால் உருட்டும்போது உருண்டை பிளந்துகொள்ளும். ஆரஞ்சுச் சாற்றைச் சூடாக்கி, அதில் 15 நிமிடம் ஊறவையுங்கள். ஊறாத பழம் ஃப்ரிட்ஜில் இருந்து எடுக்கும்போது ரப்பர் போல இருக்கும்.

அப்புறம் வடிகட்டி, கையால் பிழிந்து, சுத்தமான துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். விரலில் எடுத்தால் பிசுக்கென்று ஒட்டலாம், ஆனால் விரல் நனையக் கூடாது. முதல்முறை நான் இதில் அவசரப்பட்டு, வடிகட்டியதோடு விட்டுவிட்டேன். கனாஷ் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தும் களிம்பு போலவே இருந்தது, உருட்டவே முடியவில்லை. பிழிந்த சாற்றைக் குடித்துவிடுங்கள், கனாஷில் ஊற்றாதீர்கள்.

கனாஷ்

சாக்லேட்டை மிகப் பொடியாகச் சீவி, ஈரமில்லாத கிண்ணத்தில் போடுங்கள். கிரீமை அடிகனமான பாத்திரத்தில் சிறுதீயில் வையுங்கள். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வந்ததும் இறக்கிவிட வேண்டும், பொங்க விடக் கூடாது.

சூடான கிரீமைச் சாக்லேட் மேல் ஊற்றிவிட்டு, 2 நிமிடம் தொடாமல் இருங்கள். பிறகு கரண்டியை நடுவில் வைத்து, சின்ன வட்டமாக மெதுவாகக் கலக்குங்கள். முதலில் திரிந்த பால் போலத் தெரியும், பயப்பட வேண்டாம். கொஞ்ச நேரத்தில் நடுவில் மட்டும் கறுப்பாக, கண்ணாடி போலப் பளபளப்பு தோன்றும். அந்த வட்டம் பெரிதாகப் பெரிதாகக் கரண்டியையும் வெளிப்பக்கமாகக் கொண்டுபோங்கள். கொழுப்பும் நீரும் ஒன்றோடொன்று இணைவதைக் கண்ணால் பார்க்கலாம். இந்தச் செய்முறையில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் இதுதான்.

கட்டி மிச்சமிருந்தால், வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்து, நீர் தொடாமல் ஆவியில் மட்டும் சூடுகாட்டுங்கள். எண்ணெய் பிரிந்து மிதந்தால், வெதுவெதுப்பான பாலை ஒவ்வொரு தேக்கரண்டியாக விட்டுக் கலக்குங்கள். பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

சரி, இப்போது வெண்ணெய், உப்பு, பழம் எல்லாவற்றையும் சேர்த்துக் கலந்து, தட்டையான பாத்திரத்தில் பரப்பி, ஆறியதும் மூடி 2 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

உருட்டுவது

தேக்கரண்டியால் சுரண்டி, பெரிய கோலிக்குண்டு அளவுக்கு எடுத்து ஒரு தட்டில் வரிசையாக வையுங்கள். எல்லாவற்றையும் எடுத்த பிறகே உருட்டத் தொடங்குங்கள். கைச்சூட்டில் கனாஷ் இளகும். குளிர்ந்த நீரில் கை கழுவி, நன்றாகத் துடைத்து, உள்ளங்கையில் கோகோ பவுடர் தடவிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சுற்றுப் போதும். உடனே கோகோ பவுடரில் போட்டுப் புரட்டுங்கள்.

காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். வைத்திருக்கும்போது கோகோ ஈரத்தை இழுத்துக்கொள்வதால் மேற்புறம் கறுத்துப்போகும். பரிமாறும் முன் இன்னொரு முறை புரட்டினால் புதிதாகச் செய்தது போலாகிவிடும். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்து 20 நிமிடம் வெளியே வைத்த பிறகு கொடுங்கள். சில்லென்று இருக்கும்போது பழத்தின் மணம் வெளியே வராது.