கத்தியில் உங்கள் முத்திரை: உப்புத் தண்ணீரும் 12 வோல்ட்டும் போதும்

சின்னப் பட்டறை வைத்துக் கத்தி செய்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "முத்திரை போடுறீங்களா?" என்றுதான். பாதிப் பேர் போடுவதில்லை. லேசர் மெஷின் வாங்க வசதியில்லை, அச்சு வெட்டக் கொடுத்தால் செலவு அதிகம் என்கிறார்கள். இரண்டும் இல்லாமலே சுத்தமாகப் போடலாம். நான் என் பட்டறையில் செய்யும் முறையை அப்படியே எழுதுகிறேன். இரும்பை அடித்து, தோய்த்து (காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்கி), பதம் போட (மறுபடி மிதமாகச் சூடாக்கி நொறுங்காமல் செய்ய) உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கத்திக் கொல்லர்களுக்கென்றே 1624-இல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் ஒரு சங்கம் அமைந்தது. ஒவ்வொரு கொல்லரின் முத்திரையையும் பதிவு செய்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. கத்தி சரியில்லை என்றால் யார் செய்தது என்று தெரிய வேண்டும். நாமும் அதற்காகத்தான் முத்திரை போடுகிறோம்.

அச்சா, கரண்டா?

சுத்தியலால் அடிக்கும் அச்சு நல்லதுதான். ஆனால் தோய்ப்பதற்கு முன்பே, இரும்பு மெத்தென்று இருக்கும்போதே அடித்துவிட வேண்டும். தோய்த்த கத்தியில் அடித்தால் அச்சின் முனை உடையும், கத்தியிலும் விரிசல் விழலாம். முன்பே அடித்தாலும், பிறகு கிரைண்டிங்கில் பாதி தேய்ந்துபோகும். லேசர் கடையில் கொடுத்தால் எழுத்து அழகாக வரும், ஆழம் பெரும்பாலும் இருக்காது. தினமும் தேய்த்துக் கழுவும் சமையல் கத்திக்கு அது போதாது. தோய்ச்சல், பாலிஷ் எல்லாம் முடிந்த பிறகு கரண்ட் மூலம் அரித்துப் போடும் முத்திரைதான் என் தேர்வு.

தேவையானவை

பழைய ரவுட்டரின் 12 வோல்ட் டிசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) அடாப்டர், இரண்டு முதலை கிளிப் (வயர் நுனியில் மாட்டும் பல்லுள்ள கவ்வி), காது குடையும் பஞ்சுக் குச்சி, கல் உப்பு, அசிட்டோன், கையுறை. 9 வோல்ட் பேட்டரியிலும் வேலை நடக்கும், ஆனால் சீக்கிரம் சோர்ந்துவிடும். அடாப்டரே மேல். வீட்டு மெயின் கரண்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் நேரடியாக இதில் கொண்டுவராதீர்கள்.

ஸ்டென்சில்

ஸ்டென்சில் என்பது முத்திரை வடிவத்தை மட்டும் வெட்டி எடுத்த ஸ்டிக்கர்; அந்தத் திறப்பில் தெரியும் இரும்பு மட்டும்தான் அரிக்கும். பைக் நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடையில் வினைலில் வெட்டித் தருவார்கள். எழுத்து 4 மி.மீ. உயரத்துக்குக் குறைய வேண்டாம். தமிழ் எழுத்தில் முத்திரை வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: க, ண, ஒ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் குட்டித் துண்டு, ஸ்டிக்கரை உரிக்கும்போது கூடவே வந்துவிடும். சுழியை முழுதாக மூடாமல், ஓரிடத்தில் மெல்லிய பாலம் விட்டு வரையச் சொல்லுங்கள்.

கத்தியை அசிட்டோனால் துடைத்த பிறகு அந்த இடத்தில் விரல் படக் கூடாது. ஸ்டிக்கரை ஒட்டி, ஓரங்களை நகத்தால் நன்றாக அழுத்துங்கள். சுற்றியுள்ள வெற்று இரும்பு முழுவதையும் இன்சுலேஷன் டேப்பால் மூடுங்கள். ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் வழிந்தாலும் பாலிஷில் கறை விழும்.

எந்த வயர் எங்கே?

பாசிட்டிவ் கத்திக்கு, நெகட்டிவ் பஞ்சுக்கு. கேட்க எளிது, புதிதாகச் செய்கிறவர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். வயர்களை மாற்றிக் கொடுத்தாலும் பஞ்சடியில் அதே மாதிரி நுரை வரும், 'ஸ்ஸ்' என்று சத்தமும் கேட்கும். வேலை நடக்கிறது என்றே தோன்றும். ஆனால் கத்தியில் ஒரு கீறல்கூட விழாது, கிளிப்தான் அரித்துப் பாழாகும்.

அதனால் நுரையை நம்பாதீர்கள், பஞ்சைப் பாருங்கள். சரியாக மாட்டியிருந்தால் இரண்டு மூன்று ஒற்றலிலேயே பஞ்சு கறுத்துப் பழுப்பேறும். அது கத்தியிலிருந்து வந்த இரும்பு. அடாப்டர் வயரில் அடையாளம் அழிந்திருந்தால், இரண்டு நுனிகளையும் ஒன்றோடொன்று படாமல் உப்புத் தண்ணீரில் விடுங்கள். எந்த நுனியில் குமிழி பொங்கி வருகிறதோ அது நெகட்டிவ்.

ஒற்றுவது

கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு. பஞ்சு ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. பஞ்சைக் கடித்திருக்கும் கிளிப்பின் உலோகம் கத்தியில் பட்டால் பொறி பறந்து புள்ளி விழும்.

ஸ்டென்சிலின் திறப்பு மேல் பஞ்சை நாலைந்து விநாடி ஒற்றுங்கள், எடுங்கள், சூடு ஆற விடுங்கள், மறுபடி ஒற்றுங்கள். தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் சூட்டில் பசை இளகி, எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். பத்துத் தடவை ஒற்றினால் பொதுவாகப் போதும். பஞ்சு கறுக்கக் கறுக்க மாற்றுங்கள். நகத்தால் வருடினால் பள்ளம் தட்டுப்பட வேண்டும்.

டிசி பள்ளம் மட்டும்தான் போடும். எழுத்து கறுப்பாக வர ஏசி (திசை மாறி மாறி ஓடும் கரண்ட்) வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் கிடைக்கும் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரின் (மெயின் கரண்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும், மூன்று வயர் வெளியே வரும்) நடு வயரையும் ஓரத்து வயர் ஒன்றையும் எடுத்து, ஸ்டென்சிலை உரிக்காமல் இரண்டு மூன்று ஒற்று ஒற்றினால் கறுப்பு ஏறும். மெயின் பக்க இணைப்பைத் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து, பெட்டிக்குள் மூடி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, கழுவி, ஈரமில்லாமல் உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள். சமையல் கத்திக்குத் தேங்காய் எண்ணெயே போதும்.

லோகோவைவிட எண் முக்கியம்

என் கத்திகளில் ஒரு பக்கம் முத்திரை, மறுபக்கம் ஆண்டும் வரிசை எண்ணும் இருக்கும். நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே என்ன இரும்பு, எந்த எண்ணெயில் தோய்த்தது, பதம் போட்ட சூடு எவ்வளவு, என்ன உபயோகத்துக்கு விற்றது என்று எழுதுகிறேன். வாய் மடங்குகிறது என்று ஒருவர் கத்தியோடு வந்தால், நோட்டைத் திறந்து அதே நாளில் தோய்த்த மற்ற கத்திகள் யாரிடம் இருக்கின்றன என்று பார்த்து, அவர்களையும் கூப்பிட்டுக் கேட்க முடிகிறது. உபயோகத்தை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அலகு (பிடி நீங்கலாக) 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுத விதிகளுக்குள் வரும். வீடு, விவசாயம், தொழில் உபயோகத்துக்கென்று செய்ததற்கு விலக்கு உண்டு. பில்லிலும் அதைக் குறிப்பிடுங்கள்.

ஸ்டென்சில் வெட்டக் கொடுப்பதற்கு முன் டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் 8-ஆம் வகுப்பில் தேடிப் பாருங்கள். கத்திகள் அதில்தான் வரும். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க, ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்.

பின்சேர்க்கை 1: மறுநாளே எழுத்துக்குள் துரு ஏறுவதாக ஒரு வாசகர் படம் அனுப்பியிருந்தார். பள்ளத்தில் தங்கிய உப்புதான் காரணம். பழைய டூத் பிரஷ்ஷால் சோடாத் தண்ணீரை உள்ளே தேய்த்துக் கழுவுங்கள்.

பின்சேர்க்கை 2: ஸ்டெயின்லெஸ் கத்திக்கும் இதே முறையா என்று பலர் கேட்கிறார்கள். முறை அதேதான், ஆனால் அந்த இரும்பில் குரோமியம் இருக்கிறது. அரிக்கும்போது நச்சான குரோமியக் கலவை உண்டாகலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பஞ்சையும் மிஞ்சிய தண்ணீரையும் சமையலறைத் தொட்டியில் கொட்டாமல், மூடியுள்ள டப்பாவில் தனியாகச் சேர்த்து வையுங்கள்.